ஊக்கப் போதையை விட்டு வீடு திரும்பிய பிள்ளையைத் தேற்றுவது எப்படி

வேலைக்கோ படிப்புக்கோ போன ஊரில் மெத் (மெத்தாம்பெட்டமைன்), கொக்கெய்ன் என்று மூளையைக் கிளப்பிவிடும் ஊக்கப் போதை ஏதோ ஒன்றில் சிக்கி, அதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு விழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடற்பயிற்சிக் கூடத்தில் பழகிப்போன ஊசியும் இதில் சேரும். அறுவை அரங்கில் ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளப் போடும் மெபென்டெர்மின் ஊசி அது, மெத்தின் இனத்தைச் சேர்ந்த ஆம்பெட்டமைன் என்ற ஊக்க மருந்துக்குப் பங்காளி. "சத்து ஊசிதானே ஆச்சி" என்று சொல்லி ஏமாற்றுவார்கள், நம்பாதீர்கள்.

நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். காரைக்குடியில் இருக்கிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர், தேவகோட்டைப் பக்கம் யாராவது கூப்பிட்டால் வீட்டுக்கே போய்ப் பேசுவேன். மருந்து எழுதுவது டாக்டர் வேலை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு மிச்சமிருக்கும் நாள் முழுக்க வீட்டார் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் நான் சொல்கிறேன். அதற்கு மூளைக்குள் என்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் புரியவேண்டும். அது புரியாத வீட்டில் அன்பே சண்டையாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூளைக்குள் நடந்திருப்பது

டோபமைன் மூளையில் செய்தி கடத்தும் ஒரு பொருள். அதை 1950களின் இறுதியில் சுவீடனில் அர்விட் கார்ல்சன் எடுத்துக்காட்டினார். 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். ஒரு நரம்பணு டோபமைனை வெளியே விடும். எதிரே இருக்கும் நரம்பணுவின் மேல்தோலில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் இருக்கும். இவற்றைத்தான் ஏற்பிகள் என்கிறோம். மொத்தம் ஐந்து வகை. டி1 குடும்பத்தில் இரண்டு, டி2 குடும்பத்தில் மூன்று. டி1 பக்கம் "செய், போ" என்று கிளப்பிவிடும்; டி2 பக்கம் வேகத்தை அடக்கும். வேலை முடிந்ததும் மிச்ச டோபமைனை விட்ட அணுவே ஒரு கடத்திப் புரதத்தின் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

கொக்கெய்ன் அந்தக் கடத்தியை அடைத்துவிடுகிறது. வெளியே வந்த டோபமைன் திரும்பிப்போக வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. மெத்தாம்பெட்டமைன் இதைவிடக் கொடியது. கடத்தி வழியாகவே அணுவுக்குள் நுழைந்து, உள்ளே சிறு பைகளில் சேர்த்துவைத்த டோபமைனைக் கொட்டவைத்து, கடத்தியையே எதிர்த்திசையில் ஓடவிட்டு வெளியே தள்ளுகிறது. வயிறாரச் சாப்பிட்டாலும், பரீட்சையில் முதலாவதாக வந்தாலும் இயற்கையாகச் சுரக்கிற டோபமைன் அந்த அளவின் பக்கத்தில்கூடப் போகாது.

திருவிழாவில் நம் வீட்டு முகப்புக்கு நேரெதிரே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவோம் இல்லையா? அணுவும் அதைத்தான் செய்கிறது. இரைச்சல் தாங்காமல் ஏற்பிகளை, முக்கியமாக டி2 ஏற்பிகளை, வெளிப்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிலவற்றைச் சிதைத்தும் விடுகிறது. திருவிழா முடிந்து ஒலிபெருக்கியை அவிழ்த்துக்கொண்டு போன பிறகும் அந்தச் சன்னல்கள் உடனே திறப்பதில்லை. தெருவில் யாராவது சாதாரணக் குரலில் கூப்பிட்டால் உள்ளே இருப்பவருக்குக் கேட்காது. நிறுத்திவிட்டு வந்த பிள்ளை இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறான்.

இது ஊகமாகச் சொன்ன பேச்சு இல்லை. அமெரிக்காவில் நோரா வோல்கோவ் என்ற மனநல மருத்துவர் கொக்கெய்ன் பழகியவர்களின் மூளையை, உள்ளே நடக்கும் வேலையைப் படமாக்கும் பெட் ஸ்கேனில் பார்த்து, டி2 ஏற்பிகள் குறைந்திருப்பதை 1990களிலேயே காட்டினார். டி2 குறைந்தவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையும் மந்தமாக வேலை செய்தது. யோசித்து, வேண்டாம் என்று கையைப் பின்னுக்கு இழுக்கிற பகுதி அது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு போகின்றன: சுகம் தெரிவதும் குறைகிறது, தன்னைத் தடுத்துக்கொள்ளும் பலமும் குறைகிறது.

"எத்தனை நாளில் சரியாகும்?" எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி இது. 2006இல் வெளிவந்த ஒரு குரங்கு ஆய்வு இதற்குக் கொஞ்சம் விடை சொல்கிறது. மைக்கேல் நேடர் குழுவினர் செய்தது. கொக்கெய்ன் எடுக்கத் தொடங்கிய ஒரே வாரத்தில் டி2 அளவு 15 முதல் 20 சதவீதம் குறைந்தது. ஒரு வாரம் மட்டும் எடுத்த குரங்குகள் மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு வந்தன. ஓராண்டு எடுத்த ஐந்து குரங்குகளில் மூன்று, மூன்று மாதத்தில் தேறின. மற்ற இரண்டும் ஓராண்டு கழிந்தும் தேறவில்லை. மனிதர்களிலும் ஒரு சான்று இருக்கிறது. மெத்தாம்பெட்டமைனை விட்டவர்களை வோல்கோவ் மறுபடி ஸ்கேன் செய்தபோது, 12 முதல் 17 மாதங்களில் டோபமைன் கடத்திகள் கணிசமாகத் திரும்ப வந்திருந்தன. ஆனால் ஞாபகம், கைவேகம் போன்ற சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் தெரியவில்லை. இந்த ஆய்வு வெளிவந்தது 2001இல். ஆகவே நாளை வாரக்கணக்கில் எண்ணாதீர்கள், மாதக்கணக்கில் எண்ணுங்கள். ஒரே அளவு எடுத்த இருவரில் ஒருவன் சீக்கிரம் தேறுவான், மற்றவன் தாமதமாகத் தேறுவான். பக்கத்து வீட்டுப் பையனை ஒப்பிட்டுப் பேசாமல் இருக்க இந்த ஒரு செய்தி போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிலருக்குப் பழகும் முன்பே டி2 குறைவாக இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் சீக்கிரம் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கும் ஆராய்ச்சியில் சான்று உண்டு. "இவனுக்கு மட்டும் மனவுறுதி இல்லாமப் போச்சே" என்று பெற்றவர்கள் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும்.

முதல் இரண்டு வாரம்

முதல் சில நாள் தூங்கித் தீர்ப்பான். எழுந்தால் பசி, பிறகு மறுபடி தூக்கம். தூங்கவிடுங்கள். இட்லி, இடியாப்பம், கஞ்சி என்று எப்போது எழுந்தாலும் சாப்பிட ஏதாவது தயாராக இருக்கட்டும். பகலில் படுத்துக் கிடக்கிறானே என்று அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பா) வளவு முற்றத்தில் நின்று சத்தம் போடும் வீடுகள் உண்டு. அந்தச் சத்தத்தால் எந்த நன்மையும் இல்லை.

இந்த நாட்களில் பயப்பட வேண்டியது மனச்சோர்வுக்குத்தான். டோபமைன் அடியோடு சரிந்திருக்கும் நேரம் இது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருவது சகஜம். நேரடியாகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதாய்யா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அன்றே மனநல டாக்டரிடம் போகவேண்டும். வழி தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். தோட்டத்துப் பூச்சிமருந்து, கிணற்றடி, மாடிக்கதவு, தாத்தாவின் தூக்க மாத்திரை எல்லாவற்றையும் பூட்டிவையுங்கள். நம் வீடுகள் பெரியவை. உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒருவன் இருப்பது முகப்பில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே அவன் தூங்கும் அறை ஆள் நடமாட்டம் உள்ள பக்கமாக இருக்கட்டும்.

யாரோ பேசுவது கேட்கிறது, சுவருக்குப் பின்னால் ஆள் நிற்கிறான் என்று சொன்னால் வாதாடவேண்டாம், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நெஞ்சுவலி, உடம்பு நெருப்பாகக் கொதிப்பது, வலிப்பு வந்தால் 108. கட்டிப்போடாதீர்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. வெளியிலிருக்கும் மறுவாழ்வு இல்லங்களுக்கும் அது பொருந்தும். சேர்க்கும் முன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

ருசி தெரியாத மாதங்கள்

இங்கேதான் வீடுகள் உடைகின்றன. ஆகவே நிறைய சொல்லவேண்டியிருக்கிறது.

இரண்டு மூன்று வாரத்தில் முகம் தெளிந்துவிடும், உடம்பும் கொஞ்சம் பிடிக்கும். பிள்ளை தேறிவிட்டான் என்று வீடு நினைக்கும். ஏற்பிகள் மட்டும் இன்னும் வந்திருக்காது. ஒரு வீட்டில் ஆத்தா (அம்மா) கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் செய்து வைத்துக்கொண்டு மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுக் கையைக் கழுவிவிட்டான். "சிஸ்டர், இவனுக்கு நெஞ்சுல ஈரமே இல்லாமப் போச்சு" என்று என்னிடம் அழுதார். அவனிடம் தனியாகக் கேட்டேன். "ஆத்தா செஞ்சது நல்லாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியுது, ஆனா ஒண்ணும் தோணமாட்டேங்குது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நாக்கு வேலை செய்கிறது, நினைவும் வேலை செய்கிறது. அது சுகம் என்று பதிய வேண்டிய இடத்தில் ஏற்பி போதவில்லை. அந்த ஆத்தாவிடம் இதை விளக்கிச் சொன்ன பிறகு அவர் செய்வதை நிறுத்தவில்லை, முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். அதுதான் நான் எல்லா வீட்டிலும் கேட்பது. செய்யுங்கள், கொடுங்கள், உடனே மகிழ்ச்சி தெரிகிறதா என்று வேவு பார்க்காதீர்கள். இல்லாத சுகத்தை இருப்பதுபோல் நடித்துக் காட்ட அவனும் களைத்துப்போவான்.

இந்த மாதங்களில் ஏற்பிகளுக்கு உதவி செய்யக்கூடியவை என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தவை சில உண்டு.

முதலில் தூக்கம். ஒரே ஒரு இரவு விழித்திருந்தாலே நல்ல உடம்புள்ளவர்களுக்கும் மூளையின் சுகப்பகுதியில் டி2 அளவு இறங்குவதை வோல்கோவ் குழு 2012இல் காட்டியிருக்கிறது. ஏற்கெனவே குறைந்து கிடக்கும் மூளைக்கு இரவு விழிப்பு எவ்வளவு கெடுதல் என்று யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் எப்படியும் தூங்கட்டும். அதன் பிறகு எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். இரவில் கைபேசி பெரியவர்கள் அறையில் இருக்கட்டும். காபி போதையின் சகோதரன் என்று சிலர் அதையும் பிடுங்குகிறார்கள், தேவையில்லை. காபி வேலை செய்வது அடினோசின் என்ற வேறொரு பொருளின் ஏற்பிகளில். தூக்கத்துக்காக மத்தியானத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

இரண்டாவது உடற்பயிற்சி. மெத்தாம்பெட்டமைனை விட்டவர்களை வாரம் மூன்று நாள், ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் என்று எட்டு வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். மூளையில் டி2, டி3 அளவு சுமார் 15 சதவீதம் ஏறியது; பயிற்சி செய்யாதவர்களுக்கு அந்த அளவு ஏறவில்லை. 2016இல் வெளிவந்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். டாக்டர் இதயத்தைப் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகு ஆரம்பியுங்கள். ஊக்கப் போதை இதயத்தையும் கெடுத்திருக்கலாம். ஊருணியைச் சுற்றி விடியற்காலை வேகநடை, பிறகு ஓட்டம், வாரத்தில் ஒரு நாள் குன்றக்குடி மலைப்படி. ஊசி அறிமுகமான பழைய ஜிம்முக்கு மட்டும் திரும்ப வேண்டாம். "தோணும்போது போறேன்" என்றுதான் சொல்வான். இப்போது எதுவும் தோணாது. அதனால் கூட ஒருவர் கிளம்புங்கள். சித்தப்பாவோ அண்ணனோ வாசலில் செருப்பு மாட்டி நின்றால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, சிறு பரிசு. "ஒரு வருஷம் ஒழுங்கா இருந்தா புல்லட் வாங்கித் தர்றேன்" என்று அப்பச்சி சொல்வது நல்ல மனசு. ஆனால் டி2 குறைந்த மூளைக்குத் தூரத்தில் இருக்கும் பெரிய பரிசு எட்டாது; இன்று, இப்போது, நிச்சயமாகக் கிடைக்கும் சிறியதுதான் எட்டும். அமெரிக்காவில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் இதைச் சிகிச்சையாகவே அமைத்தார். கொக்கெய்னை விட்டவர்களுக்கு, சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வந்த ஒவ்வொரு முறையும் பொருள் வாங்கிக்கொள்ளச் சீட்டு. தொடர்ந்து சுத்தமாக வந்தால் சீட்டின் மதிப்பு ஏறும். ஊக்கப் போதைக்கு இதுவரை உள்ள சிகிச்சைகளில் மிக வலுவான ஆதாரம் இதற்குத்தான். வீட்டில் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்யலாம். காலை நடை முடித்தால் அன்றே அவன் கேட்கும் சினிமாவோ சாப்பாடோ. டாக்டர் நாள் தவறாமல் போனால் திரும்பும் வழியிலேயே ஏதாவது வாங்கிக்கொடுங்கள். கையில் ரொக்கமாக வேண்டாம். சொன்னதை அன்றே கொடுத்துவிடுங்கள். தவறிய நாள் கொடுக்காதீர்கள், திட்டவும் வேண்டாம்.

நான்காவதாக நான் சொல்வது கொஞ்சம் என் சொந்த எண்ணமும் கலந்தது. 2002இல் வந்த இன்னொரு குரங்கு ஆய்வில், தனியாக வைத்திருந்த குரங்குகளைக் கூட்டமாக விட்டபோது, கூட்டத்தில் மேல்நிலைக்கு வந்த குரங்குகளின் டி2 அளவு ஏறியது; அவை கொக்கெய்னையும் குறைவாகவே எடுத்தன. அடங்கிப்போன குரங்குகளுக்கு அப்படி ஏறவில்லை. மனிதர் குரங்கு இல்லைதான். ஆனாலும் வீட்டில் பிள்ளையை எல்லாரும் கீழே வைத்துப் பேசிக்கொண்டே, மூளை மட்டும் தேறவேண்டும் என்றால் எப்படி? அவனுக்கு வீட்டில் ஒரு பொறுப்பு கொடுங்கள். ஒரு குடும்பத்தில் ஐப்பசி மழைக்கு முன் பூர்வீக வீட்டின் ஓடு மாற்றும் வேலையை மகனிடம் விட்டார்கள். எந்தப் பங்கில் ஒழுகுகிறது, எத்தனை ஓடு, எந்தக் கொத்தனார் என்று அவன்தான் பேசினான். பணத்தைச் சித்தப்பா கொடுத்தார். பங்காளிகள் அவனிடம் வந்து கேட்டுப் போனார்கள். அந்த வேலையில் அவன் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

நினைவூட்டிகள்

ஏற்பிகள் குறைந்த மூளை சாதாரணச் சுகத்துக்கு மந்தமாக இருக்கும். போதையை நினைவூட்டும் சின்னச் சின்ன அடையாளத்துக்கோ துள்ளி எழும். டோபமைன் அணுக்கள் பரிசு கிடைக்கும் முன்பே, பரிசுக்கு அறிகுறி தெரிந்தவுடன் துடிக்கப் பழகிக்கொள்கின்றன என்பதை வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளில் விளக்கினார். கொக்கெய்ன் பழகியவர்களுக்கு அது சம்பந்தமான வீடியோவைக் காட்டினாலே மூளையில் டோபமைன் ஏறியது என்று 2006இல் ஓர் ஆய்வு. எனவே "உன் மனசு உறுதியா இருந்தா எதைப் பார்த்தாலும் என்ன" என்று சொல்லாதீர்கள்.

அவனோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். யார் எண், எந்தக் குழு, எந்த பைக் சத்தம், எந்தப் பாட்டு, சம்பள நாள், வெள்ளிக்கிழமை இரவு. எண்களை அவன் கையாலேயே அழிக்கட்டும், சிம்மை மாற்றட்டும். பணம் அனுப்பும் செயலியில் சில மாதம் சிறு தொகை வரம்பு வையுங்கள். வாங்கிய ஊருக்கு "சாமான் எடுத்துட்டு வந்துடறேன்" என்று தனியாக அனுப்பாதீர்கள். வீட்டிலிருந்து வேறு யாராவது போய் அறையைக் காலி செய்து வரட்டும்.

மஞ்சுவிரட்டு, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கல்யாணம் எல்லாம் வரும். எல்லாவற்றையும் தடுக்க முடியாது. கூட்டிப்போங்கள், சாப்பிட்டவுடன் கிளம்புங்கள், மது புழங்கும் பக்கம் ஒதுங்கவிடாதீர்கள். மது உள்ளே போனால் இருக்கிற கொஞ்ச தடுப்பும் போய்விடும். கொக்கெய்னும் மதுவும் சேர்ந்தால் உடம்பில் கொக்காஎத்திலீன் என்ற மூன்றாவது நஞ்சு உருவாகி இதயத்தைத் தாக்கும். "என்னப்பா இப்படி மெலிஞ்சுட்ட" என்று கேட்கும் உறவுக்கு ஒரு பதிலை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "உடம்பு சரியில்லாம இருந்தான், இப்பத் தேவலை" போதும், அது உண்மையும்கூட.

கோயிலில் கயிறு கட்டிக்கொள்ள ஆசைப்பட்டால் கட்டட்டும். எத்தனையோ பேருக்கு அது ஒரு பிடிப்பு. கயிறு கட்டியாயிற்று என்று டாக்டரைப் பார்க்கும் நாளை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

மாத்திரை விஷயம்

ஊக்கப் போதைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மாத்திரை இன்னும் இல்லை. டாக்டர் கொடுப்பது மனச்சோர்வுக்கோ, தூக்கத்துக்கோ, சந்தேக எண்ணங்களுக்கோ. சந்தேகத்துக்குக் கொடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் டி2 ஏற்பியை அடைப்பவை. அதனால் சிலருக்கு மந்தம் இன்னும் கூடும். அதைச் சொல்லி அளவை மாற்றச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் வேறு பிள்ளைக்குக் கவனக்குறைவுக் கோளாறுக்காக மெத்தில்ஃபெனிடேட் கொடுக்கிறார்கள் என்றால், இதைப் படித்துப் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். அதுவும் அதே கடத்தியைத்தான் அடைக்கிறது. ஆனால் வாய்வழியாக, டாக்டர் சொன்ன அளவில், மெதுவாக ஏறும். போதை உண்டாவது மூளைக்குள் ஏறும் வேகத்தில். அந்த டப்பாவைப் பூட்டி வைத்து, நீங்களே எண்ணிக் கொடுங்கள்.

சிறுநீர்ச் சோதனைப் பட்டையை வீட்டிலேயே வாங்கிப் பெற்றவர் பரிசோதிப்பதை நான் விரும்புவதில்லை. ஆத்தா போலீசாகிவிட்டால் பிறகு ஆத்தாவாக யார் இருப்பது? அதை மருத்துவமனை செய்யட்டும்.

மறுபடி எடுத்துவிட்டால்

பலர் ஒரு முறையாவது வழுக்குவார்கள். அன்றைக்கு வீடு என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் மற்றது. அடிக்காதீர்கள், வெளியே தள்ளாதீர்கள், எல்லாம் போச்சு என்று ஒப்பாரி வைக்காதீர்கள். ஒரு தடவை எடுத்ததால் அத்தனை மாதத் தேறுதலும் முழுக்க அழிந்துவிடாது. தொடர்ந்து எடுப்பதுதான் மறுபடி அடியிலிருந்து தொடங்கவைக்கும். இடைவெளி விட்டு, பழைய அளவையே எடுத்திருந்தால் இதயத்துக்கு ஆபத்து. நெஞ்சு படபடப்பு, வலி, மூச்சுத்திணறல் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் 108.

சட்டத்துக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தாமாக முன்வந்து அரசோ உள்ளாட்சியோ நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். விற்றவர்களுக்கு இது பொருந்தாது. சிகிச்சைச் சீட்டுகளைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு உதவி எண். பேசும்போது நான்கு விவரம் கையில் இருக்கட்டும்: என்ன பொருள், எந்த வழியில் எடுத்தான், கடைசியாக எப்போது, கூடவே மது அல்லது வேறு மாத்திரை உண்டா. முடிந்தால் போனை அவன் கையிலேயே கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.